வெள்ளிக்கிழமை முள்

அவரிடம் போய், "அண்ணாச்சி, ஆத்துல தண்ணி ஏறிட்டாமே?" என்று கேட்டால், "நான் பாக்கலியே வே" என்பார். வேறு யாராக இருந்தாலும், "ஆமாமா, படித்துறையெல்லாம் முங்கிட்டாம்" என்று தன் பங்குக்கு ஒரு முழம் சேர்த்து அனுப்புவார்கள். இவர் ஒரு விரற்கடை கூடச் சேர்க்க மாட்டார். கேட்டவன் நகராமல் நின்றால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரும், போய்ப் பாப்போம்" என்று எழுந்துவிடுவார். மழை கொட்டினாலும் அப்படித்தான்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்குத் தென்பக்கம், ரோட்டை ஒட்டி ஓலைக்கூரை போட்ட ஒரு பட்டறை அவருக்கு இருந்தது. கடிகாரம், தையல் மிஷின், ஆர்மோனியம், தண்ணீர் இறைக்கிற பம்பு, எது கெட்டாலும் அங்கே வரும். அதற்கு முன்னால் இருபது வருஷம் அணையில் வேலை பார்த்தவர். காலையிலும் மாலையிலும் அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. அதனால் ஊரில் அவருக்கு 'அளவுக்காரர்' என்றே பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. நான் சொன்னதை வைத்து நாலு பேர் அதை நம்புவதை அவரே விரும்ப மாட்டார்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிறவர்கள் அவர் பட்டறைப் பக்கமே போவதில்லை. ஒரு தடவை ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒருவர் வந்து, "இந்தத் தெருப் பையன் ஒருத்தனுக்குப் பொண்ணு கேக்காங்க. பையன் நல்லவந்தானா?" என்று கேட்டிருக்கிறார். நம் ஆள் நன்றாக யோசித்துவிட்டு, "நடந்து போறதப் பாத்திருக்கேன். நேராத்தான் நடந்தான்" என்றாராம். அந்தச் சம்பந்தம் நின்றே போயிற்று. பையனின் தகப்பனார் வந்து பட்டறை வாசலில் நின்று கத்தியதற்கு, "வளைஞ்சு நடந்தான்னு நான் சொல்லலியே" என்று பதில் சொன்னாராம்.

உடன்குடிக் கருப்பட்டிக்காரர் ஒருவர் பெட்டியோடு வந்து, "அசல் பதனீர்க் கருப்பட்டி அண்ணாச்சி, மண்ணு இல்ல, கலப்படம் இல்ல" என்றால், பேசாமல் ஒரு வட்டை உடைத்துச் செம்புத் தண்ணீரில் போட்டு, கரைந்து தெளிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அடியில் என்ன தங்குகிறது என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. கருப்பட்டிக்காரருக்கோ வெயில் ஏறுவதற்குள் நாலு தெரு போக வேண்டும். கடைசியில் அவர், "நீரு வாங்கவே வேண்டாம் வே" என்று அந்த வட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் என் மானம் போய்ச் சிக்கியது.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஐயாவிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் ஒரு துரையிடம் இருந்த வண்டி, பழசாய் வந்தது. ஜில்லாவில் இருந்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றை ஓட்டுகிறேன் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. மீசையைக் கூட அதற்குத் தகுந்த மாதிரி முறுக்கி வைத்திருந்தேன்.

அந்த வண்டியின் பின்பக்கம் பெட்ரோல் டேங்க். அதன் தலையில் பித்தளையில் ஒரு வட்டத்தகடும், அதில் ஒரு முள்ளும். டேங்குக்குள் ஒரு தக்கை மிதக்கும், அதையும் முள்ளையும் ஒரு கம்பி இணைக்கும். பெட்ரோல் ஏறினால் தக்கை ஏறும், முள் 'முழுசு' பக்கம் போகும். இறங்கினால் தக்கையோடு முள்ளும் இறங்கும். தகட்டுக்கு மேல் கண்ணாடி இருந்திருக்க வேண்டும். எங்களிடம் வரும்போதே இல்லை.

முள் ஆறு நாள் ஒழுங்காக இருக்கும், ஒரு நாள் பேய் பிடிக்கும். அந்த ஒரு நாள் ஏன் வெள்ளியாகவே இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வக்கீல் ஐயா ஸ்ரீவைகுண்டத்துக்குப் போவார். அங்கே அவருக்கு வழக்குகளும் உண்டு, வயலும் உண்டு. காலையில் தகரங்களை உடைத்து டேங்க் நிறைய ஊற்றுவேன். போகவர முப்பத்தைந்து மைல் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் முள் 'முழுசி'லேயே நிற்கும். ஐயாவுக்குப் பெருமை தாங்காது. "என் வண்டி பெட்ரோல் குடிக்கதே இல்ல ஓய், மோந்து பாத்துட்டு ஓடுது" என்று சக வக்கீல்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாள் காலை காபி குடித்துவிட்டு வந்து பார்ப்பார். முள் பாதியில் கிடக்கும்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடியில் பெட்ரோல் தகரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரு ராத்திரியில் பாதி டேங்க் காணாமல் போனால் யாரைச் சந்தேகப்படுவார்கள்? ஷெட்டுச் சாவி என் இடுப்பில்தானே இருக்கிறது.

"ஐயா, முள்ளு தப்பு. நான் குச்சி விட்டுப் பாத்தேன், வெள்ளிக்கிழமை வந்து நின்னப்பவே பாதிதான் இருந்துச்சு" என்றேன்.

"ஏலே, வெள்ளைக்காரன் செஞ்ச முள்ளு பொய் சொல்லுமா? நீ வெட்டுன குச்சி நீ சொல்லுததத்தான் சொல்லும்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கு அதை விழுங்கிக்கொண்டேன். திருடன் என்று வெளியே அனுப்பப்பட்ட டிரைவரை இந்த ஜில்லாவில் இன்னொருவர் காரில் ஏற்ற மாட்டார். ஆழ்வார்திருநகரியில் என் பெண்டாட்டி வீட்டார் காதில் விழுந்தால் அதைவிடக் கேவலம். மாப்பிள்ளைக்கு மோட்டார் ஓட்டத் தெரியும் என்பதற்காகவே பெண் கொடுத்தவர்கள் அவர்கள்.

வக்கீல் ஐயா நியாயம் தெரியாதவர் இல்லை. "சரி, வேல தெரிஞ்ச ஆள் ஒருத்தன் முள்ளப் பாக்கட்டும். முள்ளு நல்லா இருக்குன்னு சொன்னா நீ பெட்டியக் கட்டு" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் வண்டியை அளவுக்காரர் பட்டறை வாசலில் நிறுத்தச் சொன்னார்.

அவர் வெளியே வந்து வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். முள்ளைக் குனிந்து பார்த்தார், தொடவில்லை. "என்ன செய்யுது?" என்றார். ஐயா ஒரு கதை சொன்னார், நான் ஒரு கதை சொன்னேன். இரண்டையும் கேட்டுவிட்டு, "கெட்டுப்போறப்ப நான் பக்கத்துல இருக்கணும்லா?" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு துணிமூட்டையும் புதிதாய்ச் சீவிய மூங்கில் குச்சி ஒன்றும் எடுத்து வந்து, சாயங்காலம் நாங்கள் திரும்புகிறபோது எங்களோடு வண்டியில் ஏறிவிட்டார். காரில் ஏறுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. கருங்குளம் தாண்டுகிற வரை மூச்சு விடவில்லை. பிறகு, "சொன்னாங்க, வேகமாப் போகும்னு. போகுது" என்றார்.

மறுநாள் விடிந்ததும் நான் வண்டியைத் துடைக்க ஈரத்துணியோடு போனால், அவர் டேங்க் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முள் முழுசில் நின்றது. மூடியைத் திறந்து தன் மூங்கில் குச்சியை விட்டு எடுத்தார். பாதிதான் நனைந்திருந்தது. "நீரு பாட்டுக்குத் துடையும்" என்றார். துடைத்தேன். துணியை எடுத்தேன். முள் பாதியில் கிடந்தது.

"பாத்தீயளா அண்ணாச்சி! பாத்தீயளா!"

"பாத்தேன்."

"அப்பம் ஐயாகிட்டப் போய்ச் சொல்லுங்க."

"ஒரு தடவதான வே பாத்தேன். ஒரு தடவ பாத்தது பாத்ததாகுமா?"

அந்தக் குச்சியைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஒன்று போடலாம் என்று தோன்றியது.

அந்த வாரம் முழுக்க வண்டி எங்கே போனாலும் அவரும் வந்தார். கோர்ட்டு வாசலில் வண்டி நின்றால் அவரும் நின்றார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போடுவார். ஷெட்டு வாசலில் ஒரு ஓலைப்பாய், அதில்தான் படுக்கை. சமையற்கட்டிலிருந்து சாப்பாடு வரும். ஐயா வீட்டுப் புளிக்குழம்பை மட்டும், வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று அந்த ஒரு வாயிலேயே ஒப்புக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது. வழக்கம்போல் தகரம் உடைத்து ஊற்றினேன். பிறகு குளித்துவிட்டு வந்து பூஜை. இந்தப் பூஜையைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. எனக்கே அது ஒரு விஷயமாய்த் தோன்றாததால் அவரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வண்டிக்குக் கற்பூரம் காட்ட வேண்டும் என்று ஐயா வீட்டம்மா ஆசைப்பட்டார்கள். பெட்ரோல் பக்கத்தில் கற்பூரமா, வீடே போய்விடும் தாயே என்று நான்தான் தடுத்தேன். அந்தக் குறை தீர, சந்தனத்தைத் தாராளமாகவே வைப்பேன். வண்டிக்கு முன்னால் ஒரு பொட்டு, ஸ்டியரிங்கில் ஒன்று, நாலு சக்கரத்துக்கும் நாலு. வண்டிக்கு வயிறு டேங்க்தானே, அதற்கு ஒன்று. முள்ளின் நடுவில் பித்தளையில் ஒரு குமிழ் இருக்கும், பொட்டு வைப்பதற்கென்றே செய்தது மாதிரி. கட்டைவிரல் நிறைய எடுத்து அதில்தான் அப்புவேன்.

அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா வெள்ளியுமா?"

"ஒரு வெள்ளி தவறுனதில்ல அண்ணாச்சி. நம்ம தொழிலு தெய்வம்லா."

"சந்தனம் நல்லா அரைச்சிருக்கு" என்றார்.

அன்றும் ஸ்ரீவைகுண்டம் போய் வந்தோம். முள் முழுசில் நின்றது, குச்சி பாதி காட்டியது. சனிக்கிழமை காலை அவர் என்னிடமிருந்து ஈரத்துணியை வாங்கி, ஒரு மூலையை மட்டும் விரலில் சுற்றி, குமிழின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தில் ஒற்றினார். "இப்பம் நீரு பாரும்" என்றார். சந்தனம் ஊறிக் கரைந்தது. முள் லேசாய் நடுங்கியது. பிறகு சடாரென்று பாதிக்கு விழுந்தது.

திருகாணியைக் கழற்றி முள்ளை எடுத்துக் காட்டினார். கம்பி நுழைகிற துவாரத்தைச் சுற்றி, நான் வைத்த சந்தனமெல்லாம் அடுக்கடுக்காய் இறுகிக் கிடந்தது. பழைய சந்தனம் கம்பியை நெருக்கிப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் வெள்ளிக்கிழமை புதுச் சந்தனம் விழுந்து, வெயிலில் காய்ந்ததும் முள்ளைக் கட்டிப் போட்டிருக்கிறது. மறுநாள் என் ஈரத்துணி பட்டதும் அவிழ்த்து விட்டிருக்கிறது. கட்டினதும் நான், அவிழ்த்ததும் நான். திருட்டுப் பட்டம் வரக்கூடாது என்று சந்தனம் வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொண்டவனும் நான்தான். எந்த முகத்தோடு சிரிப்பது என்று தெரியாமல் சிரித்தேன்.

மண்ணெண்ணெய் தொட்டுச் சுத்தம் செய்தார். பழைய கடிகாரம் ஒன்றின் கண்ணாடியைத் துணிமூட்டையிலிருந்து எடுத்து, அரக்கு வைத்துத் தகட்டின்மேல் பதித்தார். அச்சாகப் பொருந்திற்று. பட்டறையிலிருந்து கிளம்பும்போதே அதை எடுத்து வைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, தெய்வமா வந்தீய. வாங்க, ஐயாகிட்டப் போவோம். நான் எடுக்கலன்னு சொல்லிருங்க" என்றேன்.

"முள்ளு ஒட்டிக்கிட்டுன்னு சொல்லுதேன்."

"நான் எடுக்கலன்னு?"

"அத நான் பாக்கலியே வே."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டே இல்லை.

"முள்ளு பொய் சொன்னத ரெண்டு தடவ பாத்தேன், சொல்லுவேன். முள்ளு பொய் சொல்லிக்கிட்டிருந்த நேரத்துல நீரும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்லா? எடுக்கலன்னு நான் எப்படிச் சொல்ல?"

வக்கீல் ஐயாவுக்கே தோன்றாத சந்தேகத்தை இவர் எடுத்துக் கொடுப்பார் போலிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், "நீரெல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டுவிட்டு ஷெட்டை விட்டு வெளியே போனேன். மரியாதையெல்லாம் வாய்க்காலோடு போயிற்று. அவர் நிதானமாக அரக்கை ஊதிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்துவிட்டதே, ஊருக்குப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. "இன்னும் ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று ஐயாவிடம் சொல்லிவிட்டார். புளிக்குழம்புக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். அந்த வாரம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தால் வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்குவேன். "இந்த எடத்துல பள்ளம்" என்பார், மனப்பாடம் பண்ணுகிற மாதிரி. வேறு வம்பு இல்லை. காலையில் குச்சி, மாலையில் குச்சி, ஷெட்டு வாசலில் ஓலைப்பாய்.

மூன்றாம் வெள்ளி. சந்தனப் பொட்டை வண்டிக்கு முன்னால் மட்டும் வைத்தேன். ஸ்ரீவைகுண்டம் போனோம். மைலுக்கு மைல் முள் யோக்கியமாக இறங்கிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்தபோது பாதிக்கு வந்துவிட்டது. வக்கீல் ஐயாவுக்கு முகம் தொங்கிப் போயிற்று. "என்ன வே இது, நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டீரு? இப்பம் பெட்ரோல் குடிக்க ஆரம்பிச்சிட்டே!" என்று சத்தம் போட்டார். சக வக்கீல்களிடம் இனி என்ன சொல்வது என்ற கவலை அவருக்கு. அளவுக்காரர், "நாளைக்குக் காலையில சொல்லுதேன் ஐயா" என்றார்.

மறுநாள் காலை, வக்கீல் ஐயா காபி குடித்துவிட்டு ஷெட்டுக்கு வந்தார். அளவுக்காரர் எழுந்து நின்று சந்தனத்தைச் சொன்னார், ஈரத்துணியைச் சொன்னார். நான் வைத்தது என்பதையும் விடவில்லை, ஒரு சொல் கூட்டவுமில்லை. ஐயா குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், அவரைப் பார்த்தே கேட்டார்: "அப்பம் இவன் எடுக்கலங்கீரா?"

நான் தரையைப் பார்த்தேன். என்ன பதில் வரும் என்று எனக்குத்தான் தெரியுமே. பெட்டியில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று கூட யோசித்துவிட்டேன். சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"எடுக்கல" என்றார்.

நான் நிமிர்ந்தேன். அவர் மூங்கில் குச்சியை ஐயாவிடம் நீட்டினார். "இந்தப் பக்கம் சாயங்காலக் கீறல், இந்தப் பக்கம் காலைக் கீறல். பதினஞ்சு நாளு. சாயங்காலம் நின்ன எடத்துலதான் காலையிலயும் நின்னுது. முள்ளு கட்டிக்கிட்டிருந்தப்பமும் அப்படித்தான், சரியான பொறவும் அப்படித்தான். ஷெட்டு வாசல்லதான் படுத்துக் கிடந்தேன். பகல்ல இவரு போன எடமெல்லாம் கூடப் போனேன். பாத்தாச்சு ஐயா. இவரு எடுக்கல."

ஐயா குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போ லே, வண்டிய எடு. அவர ஊருல கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார். என்னை 'திருடன்' என்று வாய்விட்டுச் சொன்னதில்லை, அதனால் 'இல்லை' என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வேலையை விட்டு நான் விலகுகிற வரை, டேங்க் பக்கம் வந்து குனிந்ததே கிடையாது.

அளவுக்காரருடைய தமையனார் கொழும்புக்குப் பிழைக்கப் போய் அங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று கடிதம் வந்தபோது, "நான் பாக்கலியே" என்று சொல்லிவிட்டாராம். ஊரே ஏசியிருக்கிறது. கல் நெஞ்சு என்றார்கள். அவரோ தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போய், புதைத்த இடத்தைப் பார்த்து, அங்கே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்து, அதற்குப் பிறகுதான் சாவுத் தீட்டுக்கு ஆற்றில் முங்கினாராம். இதைப் பட்டறைக்குப் பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் பின்னாளில் சொன்னார். அவர் சொல்லித்தான் தெரியும், நான் பார்க்கவில்லை.

அன்று வண்டியில் வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. முன் வாரம் இறக்கிய பள்ளங்களையெல்லாம் சுற்றி வளைத்து ஓட்டினேன். அணை கண்ணில் பட்டதும் மனசு பொறுக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன்.

"அண்ணாச்சி, போன சனிக்கெழமையே முள்ளு சரியாயிட்டு. எனக்காகத்தான இந்த ஒரு வாரமும் கெடந்தீய? அத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? உங்களப் போய் மனுசனான்னு கேட்டேனே. நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்."

அவர் துணிமூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா நீரு சூதானமா நடந்திருப்பீரு வே. பொறவு நான் என்னத்தப் பாக்க?"

சொல்லிவிட்டு இறங்கினார். பட்டறைக்குப் போகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பதினைந்து நாளாகப் பார்க்காத தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்க்க நேரே அணைக்கு நடந்தார்.